அரம் கடிக்க வேண்டும்

உலை ஆறிக்கொண்டிருந்தது. ரிக்கா லோமாருக்கு ஆறவில்லை.

காலையில் வந்ததிலிருந்து உலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். உலையில் பார்க்க ஒன்றுமில்லை. ஆள் உயரத்துக்குப் படுக்கவைத்த ஒரு இரும்புப் பீப்பாய், கதவில் எட்டிப் பார்க்க ஒரு கண்கூடக் கிடையாது. ஜன்னலிலும் பார்க்க ஒன்றுமில்லை. ரெம்ஷைட் ஊரின் வழக்கமான மழை, பெய்வதா நிற்பதா என்று தெரியாமல் முற்றத்தில் நசநசத்துக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு அந்தப்பக்கம் இரும்புக் கூடம். சுத்தியல் விழும்போதெல்லாம் இவள் மேஜையில் இருந்த காப்பிக் கோப்பை நடுங்கியது.

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. சூடு இறங்கும் எண்ணைப் பார்ப்பாள், போய் உட்காருவாள், உட்கார்ந்த மாதிரியே எழுந்துவிடுவாள்.

உள்ளே பன்னிரண்டு கணுக்கால் துண்டுகள் இருந்தன. டைட்டானியம். செயற்கைக் காலில் பாதத்தையும் தண்டையும் இணைக்கிற துண்டு. மனிதரின் மொத்தப் பாரமும் அதன் மேல்தான் இறங்கும். கூடவே பதின்மூன்றாவதாக ஒன்று, முதலாளியின் மேஜையில் அழகுக்கு வைக்க. வூப்பர்டாலில் செயற்கைக் கால் செய்கிற பட்டறை ஒன்று கொடுத்த முதல் ஆர்டர் இது. இன்று மதியம் வாங்கிப்போக ஆள் வரும்.

முதலாளி ஹூல்ஸ்பெர்க் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இது சரியா வந்தா பேக்கரி இருக்கும், நீங்களும் இருப்பீங்க. வரலைன்னா மெஷினை வித்துட்டு அந்த இடத்துல பழையபடி பெட்டி அடுக்கிடுவேன்" என்று சொல்லியிருந்தார். ரிக்காவின் தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு கை குலுக்கலோ ஒரு கை அசைப்போ, இரண்டில் ஒன்று.

பேக்கரி என்ற பேரை வைத்தது இரும்புக் கூடத்து ஆட்கள். துளைக்கும் ஊசிகளும் அரங்களும் அடித்து அடித்தே பரம்பரை ஓடிய தொழிற்சாலை அது. அங்கே ஒரு பொருள் செய்வதென்றால் தீப்பொறி பறக்க வேண்டும், காது அடைக்க வேண்டும். முற்றத்தின் மூலையில், சாமான் அறையாக இருந்து வெள்ளையடிக்கப்பட்ட இடத்தில், இவள் செய்கிற வேலையில் சத்தமே இல்லை. பெட்டிக்குள் டைட்டானியப் பொடியை முடியைவிட மெல்லியதாகப் பரப்பும் மெஷின்; அதன் மேல் பசையைத் துளித்துளியாகத் தெளிக்கும்; மறுபடி பொடி, மறுபடி பசை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "லேசர் எங்கே?" கிடையாது. லேசரும் இல்லை, மின்னலும் இல்லை. பசை போட்டு ஒட்டி, பொடிக்குள்ளிருந்து தூரிகையால் தோண்டி எடுத்து, உலையில் வேகவைப்பது. அவ்வளவுதான். வந்தவர்கள் முகம் தொங்கிப்போய்விடும்.

தோண்டி எடுத்ததும் துண்டுக்குப் பச்சை என்று பேர். சுடாத பானை மாதிரி. கட்டைவிரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடும். உலையில் முதலில் பசை ஆவியாகிப் போகும். பிறகு உருகுவதற்குக் கொஞ்சம் கீழே சூட்டை நிறுத்தி வைத்தால், பொடித் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும். இறுகும்போது துண்டே சுருங்கிப் போகும். உள்ளே வைத்தது ஒரு அளவு, வெளியே வருவது ஒரு அளவு. அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டுப் பெரிதாகவே அச்சடிக்க வேண்டும். இதற்குத்தான் ரிக்கா படித்தாள். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். தாண்டியதற்கு இன்னும் யாரும் அவளை மன்னிக்கவில்லை, அந்தப் பக்கத்தாரும் சரி, இந்தப் பக்கத்தாரும் சரி.

கதவு படீரென்று திறந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெட்லெஃப், மழைத்துளி சொட்டும் தொப்பியோடு.

"என்ன டாக்டரம்மா, ரொட்டி வெந்துதா?"

"நான் டாக்டர் இல்லே. எத்தனை தடவை சொல்றது?"

"சரி டாக்டரம்மா. வெந்துதா?"

"கதவைச் சாத்து. ஈரம் உள்ள வருது."

"பார்றா! லோமாரோட பொண்ணுதானே நீ? உங்கப்பன் மழையிலே நின்னு சாப்பாடு சாப்பிடுவான்."

இரும்புக் கூடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் நீதான். வயசு, படிப்பு எதுவும் கணக்கில்லை. முதலாளிக்கு மட்டும்தான் நீங்க. அவரும் எல்லாரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். அந்த நீங்க-வில் யாருக்கும் இளைப்பாற இடமிருக்காது.

எண் இறங்கி வந்தது. கதவைத் திறக்கலாம். ரிக்கா கையுறை மாட்டிக்கொண்டாள். கைப்பிடியைச் சுழற்றும்போது டெட்லெஃப் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஆர்வம்தான்.

தட்டை வெளியே இழுத்தாள். பன்னிரண்டும் ஒன்றும். கோணவில்லை, வெடிக்கவில்லை. அளவுகோலால் ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். கணக்கு முடியளவும் பிசகவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது, பாதியில் நின்றுவிட்டது. துண்டுகளின் முகம் சரியில்லை. முன்பு சோதனைக்குச் சுட்டதெல்லாம் புது ஸ்பூன் மாதிரி வெள்ளையாக வந்தன. இவற்றின் மேல் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி ஏதோ மங்கல். விளக்கு வெளிச்சமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னலருகே கொண்டுபோனாள். அங்கேயும் மங்கல்தான்.

"வந்துடுச்சா?" ஹூல்ஸ்பெர்க் உள்ளே வந்துவிட்டார். மற்ற முதலாளிகள் பேனா வைத்திருக்கும் உள்பையில் அவர் ஒரு சின்ன அரம் வைத்திருப்பார். கை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஊருக்கே அந்தப் பழக்கம் உண்டு. கத்தியோ, உளியோ, புதுக் கதவின் கீலோ, எது கைக்கு வந்தாலும் ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். அரம் கடித்துக் கீறினால் பொருள் மெத்து. வழுக்கிக்கொண்டு போனால் கெட்டி, பணத்தைக் கொடுக்கலாம். ஆளைப் பற்றிச் சொல்வதற்கும் அதே பேச்சு. நம்பகமான ஆள் என்றால் "அவன்மேல அரம் வழுக்கும்" என்பார்கள். ரிக்கா பட்டம் வாங்கிய நாளன்று அவள் அப்பா கட்டிப்பிடிக்கவும் தெரியாமல், என்ன சொல்வதென்றும் தெரியாமல், அந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

ஹூல்ஸ்பெர்க் ஒரு துண்டை எடுத்து ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தார்.

சிர்ர்ர். கண்ணாடி மேல் நகம் போன மாதிரி. அரம் ஒரு பொடிகூட எடுக்காமல் வழுக்கிப் போனது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வழுக்குது" என்றார், தேவாலயத்தில் பேசும் குரலில்.

மறுபடி இழுத்தார். வழுக்கியது. தட்டிலிருந்து இன்னொன்று. அதிலும் வழுக்கியது. வரிசையாக எல்லாவற்றையும் உரசினார்.

"டெட்லெஃப்! போய் ரொட்டி சொல்லுங்க. எல்லாருக்கும்!"

புதுப் பொருள் அரத்துக்கு அசையாமல் நின்றால் முதலாளி செலவில் வெட்டிய வெங்காயமும் பச்சைப் பன்றிக் கொத்துக்கறியும் தடவிய ரொட்டி. அதுவும் அங்கே பழக்கம். டெட்லெஃப் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான். "பேக்கரிக்காரி சாதிச்சுட்டாடோய்!" என்று கத்திக்கொண்டே முற்றத்தில் ஓடினான்.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கணம் ரிக்காவின் நெஞ்சும் விம்மியது. படித்தது எதுவும் குறுக்கே வரவில்லை. ஊர் அவள் உடம்புக்குள் இருந்தது. அரம் வழுக்குகிற சத்தம் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது.

டைட்டானியத்தின் மேல் அரம் வழுக்கக் கூடாது. கடிக்க வேண்டும்.

"முதலாளி, அந்தத் துண்டைக் கொடுங்க."

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. பன்னிரண்டையும் உரசிப் பார்த்துட்டேன். எல்லாம் ஒரே மாதிரி!"

"அதான் பிரச்சினை. இது இவ்வளவு கெட்டியா இருக்கக் கூடாது."

அவர் சிரித்தார். கெட்டுப்போகும் அளவுக்குச் சர்க்கரை போட்டுவிட்டேன் என்று புதுப்பெண் சொன்னால் சிரிக்கிற மாதிரி. "கேட்டதைவிடக் கெட்டியா கொடுத்தா எந்த வாடிக்கைக்காரனும் திருப்பி அனுப்ப மாட்டான். போய் முகம் கழுவுங்க, லோமார். ஆள் வர்ற நேரம்."

அவர் போய்விட்டார். ரிக்கா நின்றாள், நடந்தாள், நின்றாள். எஃகு கெட்டிப்படுவது வேறு சமாசாரம். டைட்டானியம் இப்படிக் கெட்டிப்பட்டால் அது ஆக்சிஜனைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூட்டில் அதற்கு அப்படி ஒரு தாகம். கிடைத்த இடத்திலெல்லாம் குடிக்கும். குடித்தால் கெட்டியாகும், கெட்டியானால் வளையாது, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அதற்குத்தான் வெற்றிட உலை. அதற்குத்தான் பசை எரிகிற நேரத்தில் சுத்தமான ஆர்கான் வாயுவை உள்ளே ஓடவிடுவது. எங்கிருந்து புகுந்தது?

பொடியின் டப்பாவைப் பார்த்தாள். முத்திரை சரி. கதவின் ரப்பர் வளையத்தை விரலால் தடவினாள், முழுச் சுற்று. சரி. துண்டுகளை வைத்த தட்டுகள் சரி. பம்ப் சரி. ஒவ்வொன்றும் சரி என்று ஆக ஆக அவளுக்கு எரிச்சல் ஏறியது. யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போலிருந்தது. ரப்பர் விற்றவனை, தட்டு விற்றவனை, பம்ப் பழுதுபார்க்க வந்து பாதி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவனை.

வாயுக் குழாய் சுவருக்கு வெளியே போகிறது. அவளும் வெளியே போனாள். மழை சட்டைக்காலருக்குள் இறங்கியது. கூண்டுக்குள் சங்கிலியில் கட்டிய சிலிண்டர் நின்றது, அளவுமானி ஒழுங்காகக் காட்டியது. அழுத்தத்தைத்தான் அது காட்டும். உள்ளே இருப்பது என்ன என்று அது சொல்லாது.

சிலிண்டரின் தோளில் அடித்திருந்த வண்ணம் கிளிப்பச்சை.

கரும்பச்சையாக இருக்க வேண்டும். கரும்பச்சைதான் சுத்த ஆர்கான். கிளிப்பச்சை என்றால் கலவை: ஆர்கானில் கரியமில வாயு கலந்தது, இரும்புக்கு வெல்டிங் வைக்கிறவர்கள் தினமும் திறந்து மூடுகிறது. வாயில் இருக்கிற திருகு இரண்டுக்கும் ஒன்றேதான். மாட்டினால் மாட்டிக்கொள்ளும். கரியமில வாயுவில் இருக்கிற ஆக்சிஜனை அந்தச் சூட்டில் பிய்த்தெடுத்துக் குடிக்க டைட்டானியத்துக்குச் சொல்லியா தர வேண்டும்?

"டெட்லெஃப்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சுத்தியல்கூட ஒரு அடி தவறியிருக்கும்.

அவன் கையில் ரொட்டிப் பெட்டியோடு வந்தான். "வெங்காயம் இல்லாம உனக்குத் தனியா..."

"இது என்ன?"

"சிலிண்டர்."

"என்ன சிலிண்டர்?"

"ஆர்கான். நீ கேட்டே, நான் கொண்டாந்தேன்."

"இது வெல்டிங் கலவைய்யா!"

"ஆமா. ஆர்கான்." அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "நாங்க இதைத்தானே ஆர்கான்னு சொல்றோம்? வேற என்னன்னு சொல்வாங்க? நீ போன் பண்ணி, 'டெட்லெஃப், ஒரு ஆர்கான் கொண்டா'ன்னே. கொண்டாந்தேன். மாட்டவும் மாட்டிவிட்டேன், மழையிலே."

அவள் திட்ட வாயெடுத்தாள். போனில் சொன்னது நினைவுக்கு வந்தது.

அப்படித்தான் சொன்னாள். வார்த்தை மாறாமல்.

அதற்கு முந்தின முறை அவள் ஒழுங்காகத்தான் கேட்டிருந்தாள். சுத்தத்தின் அளவை எண்ணோடு, புள்ளியோடு சொன்னாள்: "ஐந்து புள்ளி பூஜ்யம் ஆர்கான் வேணும்." போனில் மறுமுனையில் கூடமே சிரித்த சத்தம். ஒரு வாரம் அதே பாட்டு. "டாக்டரம்மாவுக்கு ஐந்து புள்ளி பூஜ்யம் காப்பி!" "டாய்லெட் பேப்பர் ஐந்து புள்ளி பூஜ்யம் இருக்கா?" அந்தத் தடவை ரிக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அழுததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். இந்தத் தடவை அவள் கையில் பச்சைத் துண்டு; கீழே வைத்தால் உதிரும்; போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அப்பா பேசுகிற மாதிரி, கூடத்து ஆள் மாதிரி, "ஒரு ஆர்கான் கொண்டா" என்று விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கெல்லாம் பிடித்திருந்தது. வெளியே வந்து தோளின் நிறத்தைப் பார்க்கவும் தோன்றவில்லை.

"என்னாச்சு? தப்பா?" டெட்லெஃப் கேட்டான்.

"தப்புதான்."

"என்மேல சொல்லிடுவியா?"

அவள் அறையை நோக்கி நடந்தாள். சொல்லலாம். சுலபம். மாட்டிவிட்டது அவன் கைதானே. அந்த யோசனை வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இன்னொரு யோசனை அதைவிட வேகமாக வந்தது: யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருக்கலாம். அரம் வழுக்கிவிட்டது. ஊரே சந்தோஷமாக இருக்கிறது.

வெள்ளையடித்த அறைக்குள் ஏற்கெனவே ஆள் வந்திருந்தது. கால் பட்டறையிலிருந்து யாராவது வருவார்கள் என்று நினைத்திருந்தாள். வந்திருந்தது அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக் காலில் மாட்டப்போகிற ஆளே. இம்கே ஷ்லீப்பர், கூரை வேய்கிறவள், முப்பத்தைந்துக்குள் இருக்கும். கற்பலகைக் கூரையிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவள். தற்போதைய காலை நாற்காலிக்கு முன்னால் நீட்டிப்போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் சுட்டவளா?" என்றாள் ரிக்காவைப் பார்த்ததும். "எவ்வளவு லேசா இருக்கு! இப்ப மாட்டியிருக்கறது செங்கல் மாதிரி. பட்டறைக்காரன் நாளைக்கு மாட்டித் தரேன்னான். நான்தான் பொறுக்காம நானே வந்து வாங்கிட்டுப் போறேன்னு கிளம்பிட்டேன். திங்கக்கிழமை ஏணி ஏறிடுவேன்."

"பாருங்க" என்று ஹூல்ஸ்பெர்க் அரத்தை எடுத்து அவளுக்கும் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். சிர்ர்ர்.

"அடேயப்பா. கல்லு மாதிரி இருக்கே!"

"கல்லேதான்!" முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"முதலாளி, ஒரு நிமிஷம்" என்றாள் ரிக்கா.

"அப்புறம்."

"இப்ப."

அவர் எழுந்து உலைக்குப் பின்னால் வந்தார். ரிக்கா சிலிண்டரைப் பற்றிச் சொன்னாள். தன் வாயால் கேட்டதையும் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அவர் முகம் மெல்ல மெல்ல மூடியது.

"இப்போ இதை ஏன் சொல்றீங்க?"

"எப்போ சொல்லணும்?"

"பட்டறையிலே பாரம் ஏத்திப் பார்ப்பாங்க. தாங்கலைன்னா அவங்களே சொல்லட்டும்."

"தாங்கும். அதான் கஷ்டமே. நின்னா தாங்கும், நடந்தா தாங்கும். பாரம் ஏத்தி மெல்ல அமுக்கினா நல்லாவே தாங்கும். ஒரு குளிர் நாளிலே ஏணியோட கடைசிப் படியிலேர்ந்து பொத்துனு குதிப்பாங்க. அன்னைக்குப் போகும். அவங்க எங்கே வேலை செய்யறாங்கன்னு கேட்டீங்கதானே?"

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? இல்லே, புத்தகத்துல படிச்சதா?"

இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்கக் கூடாது. இந்தக் கேள்வியைத்தான் அவள் பிறந்ததிலிருந்து எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரிக்கா தட்டுக்குப் போனாள். மேஜையில் அழகுக்கு வைக்க வேண்டிய பதின்மூன்றாவதை எடுத்தாள். அலமாரியிலிருந்து போன மாதம் சோதனைக்குச் சுட்ட பழைய துண்டையும் எடுத்தாள். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், முற்றத்தைக் குறுக்காகக் கடந்து இரும்புக் கூடத்துக்குள் நுழைந்தாள். பின்னால் ஹூல்ஸ்பெர்க் வந்தார். அவருக்குப் பின்னால், என்ன நடக்கிறது என்று புரியாமல், ஒரு கால் இழுக்க இம்கேயும் வந்தாள்.

இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்குப் பக்கத்தில் நான்கைந்து பேர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"தள்ளுங்க."

"டாக்டரம்மா வந்தாச்சு! ஐந்து புள்ளி..."

"வாயை மூடு."

பழைய துண்டை வைஸில் வைத்து இறுக்கினாள். சுவரில் சாய்த்திருந்த நீளக் குழாயை அதன் மேல் செருகி, முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். துண்டு முனகியது. மெல்ல வளைந்தது. வளைந்து நின்றது. அதை எடுத்து இம்கேயின் கையில் கொடுத்தாள்.

"இது நல்லது. இது வளையும்."

பிறகு பதின்மூன்றாவதை வைத்தாள். குழாயைச் செருகினாள். தொங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பாதிப் பாரம் போட்டதும் டக்கென்று ஒரு சத்தம், பற்களுக்கு நடுவே மொறுமொறு பிஸ்கட் உடைகிற மாதிரி, அவ்வளவுதான். குழாயோடு தரையில் போய் விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தான்.

"அரம் வழுக்கிச்சே..." என்றார் ஹூல்ஸ்பெர்க்.

"வழுக்கினதாலதான்." ரிக்கா எழுந்தாள். மூச்சு வாங்கியது. "இது எஃகு இல்லே. இதுல அரம் கடிக்கணும். கடிச்சாத்தான் நல்லது. நூறு தடவை சொல்லிட்டேன். நீங்க யாரும் காது கொடுக்கலே, நான் உங்களை மாதிரிப் பேசறப்போ தவிர. உங்களை மாதிரி ஒரு தடவை பேசினேன், இதோ, இப்படி ஆச்சு. ஆர்கான்னு மொட்டையாக் கேட்டது நான். டெட்லெஃப் கேட்டதைக் கொண்டாந்தான். பன்னிரண்டும் குப்பை."

டெட்லெஃப் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இம்கே உடைந்த பாதியை எடுத்தாள். உடைந்த முகம் மணல் மாதிரி மின்னியது. நன்றி சொல்வாள் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள்.

"அப்ப என் கால்?"

"இல்லே."

"திங்கக்கிழமை வர்றேன்னு வேலை இடத்துல சொல்லிட்டேன். என் இடத்துல வேற ஒருத்தனைப் போடறதுக்கு அவனுங்க ரெடியா நிக்கறானுங்க. போன மாசமும் பட்டறையிலே இதேதான், அதுக்கு முந்தின மாசமும் இதேதான். நீங்கல்லாம் விளையாடறீங்களா?"

"இல்லே."

"எத்தனை நாள்?"

"இன்னொரு செட் பச்சையா இருக்கு, அலமாரியிலே. உடையும்னு எப்பவும் ரெண்டு மடங்கு அடிச்சு வைப்பேன். முதல்ல உலையை வெறுமனே காய்ச்சிச் சுத்தம் பண்ணணும். அப்புறம் சுடணும். அடுத்த வாரக் கடைசி."

"நான் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"கேளுங்க."

"தினமும் கேட்பேன்."

"கேளுங்கன்னு சொல்றேன்ல!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் அடித்துவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இம்கே டெட்லெஃபின் பெட்டியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போனாள். வளைந்த துண்டையும் கொண்டுபோய்விட்டாள்.

ஹூல்ஸ்பெர்க் அரத்தை உள்பையில் வைக்கப் போனார், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். வேலையை விட்டு நிறுத்திவிட்டாரா, நிறுத்தப்போகிறாரா, எதுவும் தெரியவில்லை. பட்டறைக்காரனிடம் போனில் அவர் கத்துகிற சத்தம் மட்டும் முற்றம்வரை கேட்டது.

அன்று பிற்பகலே ரிக்கா கூடத்துக்கு மறுபடி போனாள். போன் செய்யவில்லை, நேரில் போனாள். வாசலில் நின்றே சொன்னாள்:

"டெட்லெஃப். ஆர்கான். ஐந்து புள்ளி பூஜ்யம். தோள் கரும்பச்சை. கிளிப்பச்சை வந்துச்சுன்னா உன் தலையிலேயே போடுவேன்."

யாரோ ஒருவன் லேசாகக் கனைத்தான். சிரிப்புக்கு முன்னோட்டமான கனைப்பு. அவள் காத்திருந்தாள். சிரிப்பு வந்தது, கொஞ்சம்தான் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள். சிலிண்டர் வந்தபோது மழையில் நனைந்தபடி, தோளைத் துடைத்துப் பார்த்து, எழுத்தைப் படித்து, தன் கையாலேயே மாட்டினாள்.

அந்த நாட்களில் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை. உலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இம்கே சொன்னபடி தினமும் கூப்பிட்டாள். "என்ன நிலைமை?" "சூடு ஏறுது." "இன்னைக்கு?" "நிக்குது." "இன்னைக்கு?" "ஆறுது." "உனக்கு?" என்று கேட்டாள் கடைசி நாளில். ரிக்கா போனை வைத்துவிட்டாள்.

மறு வாரக் கடைசியில் தட்டை இழுத்தபோது அறைக்குள் இடமில்லாமல் ஆள் நின்றது. துண்டுகளின் முகம் புது ஸ்பூன் மாதிரி இருந்தது. ரிக்கா முதலில் பதின்மூன்றாவதைக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைஸில் போட்டு வளைத்துக் காட்டிவிட்டு வந்து, பன்னிரண்டில் ஒன்றை ஹூல்ஸ்பெர்க்கிடம் நீட்டினாள்.

"உரசுங்க. ஓரத்துல. அந்த இடம் எப்படியும் இழைச்சுத் தள்ளறதுதான்."

அவர் அரத்தை வைத்து இழுத்தார். கர்ரக். அரம் கடித்தது. பளபளப்பின் மேல் நீளமாக ஒரு கீறல் விழுந்தது, விரலில் வெள்ளிப் பொடி ஒட்டியது. பிறந்த குழந்தையின் கன்னத்தில் நகம் பட்டுவிட்ட மாதிரி அவர் முகம் சுருங்கியது.

"கடிக்குது" என்றார், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

"கடிக்குதா!" என்று இம்கே பின்னாலிருந்து கத்தினாள். தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, அவர் கையிலிருந்து துண்டைப் பறித்து, கீறலை விரலால் தடவினாள். தடவிவிட்டு மற்ற பதினொன்றையும் பெட்டியோடு இடுக்கிக்கொண்டாள். கிளம்பும்போது ரிக்காவைப் பார்த்துத் தாடையை ஒரு அசைப்பு அசைத்தாள். அவ்வளவுதான்.

கூட்டம் கலையாமல் நின்றது. டெட்லெஃப் முதலாளியையும் ரிக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கணும். அரம் வழுக்கலே. அப்போ ரொட்டி உண்டா, இல்லியா?"

ஹூல்ஸ்பெர்க் விரலில் ஒட்டிய பொடியைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றார். "எல்லாருக்கும்." பிறகு ரிக்காவின் பக்கம் திரும்பாமலே, "அடுத்த மாசத்து ஆர்டருக்கு என்னென்ன வேணுமோ, நம்பரோட, புள்ளியோட எங்கிட்ட வந்து சொல்லுங்க. நானே வாங்கித் தரேன்" என்றார்.

"பொடி முதல்ல. அப்புறம் அந்தக் கூண்டுக்குத் தனிப் பூட்டு" என்றாள் ரிக்கா. சொல்லிக்கொண்டே அவள் கை உலைக் கதவின் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்திருந்தது.